இலத்தீன் பூசைக்கு ஒரு நீதி, தேர் வராத தெருவுக்கு ஒரு நீதி

1988 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் எக்கோன் என்னும் சிற்றூரில் பேராயர் மார்செல் லெஃபெவர், திருத்தந்தையின் ஆணையின்றி நான்கு குருக்களை ஆயர்களாகத் திருப்பொழிவு செய்தார். ஜூலை 2 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடல் அதனைப் பிளவுச் செயல் என்று அறிவித்தது. அவரும் அந்நால்வரும் சபைநீக்கத்துக்கு உள்ளானதாகச் சொல்லப்பட்டது. இரண்டே நாளில் தீர்ப்பு. திருச்சபை விரும்பினால் எவ்வளவு விரைந்து செயல்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த நால்வரில் பெர்னார் திசியே த மல்லரே 2024இலும் ரிச்சர்ட் வில்லியம்சன் 2025இலும் மறைந்தனர். யாருடைய ஆணையின் பேரில் புதிய ஆயர்கள் உருவாவார்கள் என்னும் பழைய கேள்வி இதனால் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. லெஃபெவர் 1970இல் நிறுவிய புனித பத்தாம் பயஸ் சபைக்குத் தமிழ்நாட்டிலும் இல்லங்கள் உண்டு. சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் அதன் குருக்கள் இன்றும் பழைய இலத்தீன் பூசை நிறைவேற்றுகின்றனர். பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளம்–அங்கமாலி உயர்மறைமாவட்டம், குரு எந்தத் திசை நோக்கித் திருப்பலி நிறைவேற்றுவது என்பதற்காக 2021 முதல் தன் ஆயர் பேரவையோடு மல்லுக்கு நின்றது. எங்கும் எழும் சொற்கள் இரண்டே: மரபு, கீழ்ப்படிதல்.

இராமநாதபுரம் கடலோரத்திலும் அதன் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் வாழும் தலித் கத்தோலிக்கருக்கு இந்தச் சச்சரவில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இலத்தீனா தமிழா என்பது அவர்களுடைய அன்றாடச் சிக்கல் அன்று. திருவிழாத் தேர் தங்கள் தெருவுக்குள் வருமா, கல்லறைத் தோட்டத்தில் தங்கள் பிணத்துக்குப் பொது இடம் கிடைக்குமா, தங்கள் பிள்ளை குருமடத்திலிருந்து பலிபீடம்வரை போய்ச் சேருவானா என்பவையே அவர்களுடைய கேள்விகள். ஆயினும் இரண்டு வழக்குகளுக்கும் சட்டம் ஒன்றே. ஒரு சாராரின் மீறலுக்கு இரண்டு நாளில் பெயர் சூட்டிய திருச்சபை, மற்றொரு சாராரின் மீறலுக்கு மூன்று நூற்றாண்டுகளாகப் பெயரே சூட்டவில்லை என்பதே நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது.

பிளவு என்பதன் இரண்டாம் பாதி

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 751ஆம் எண் பிளவை வரையறுக்கிறது. அந்த வரையறைக்கு இரண்டு பாதிகள் உண்டு. திருத்தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட மறுப்பது முதற்பாதி. அவருக்கு உட்பட்டிருக்கும் திருச்சபை உறுப்பினர்களோடு ஒன்றிப்பு கொள்ள மறுப்பது இரண்டாம் பாதி.

எக்கோனில் நடந்தது முதற்பாதி தொடர்பானது. அது உலகச் செய்தியாயிற்று. இரண்டாம் பாதியைத் தமிழகத்துப் பங்குகளில் பொருத்திப் பார்க்க எவரும் துணிவதில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்று, ஒரே ஆயருக்குக் கீழ்ப்பட்டு, ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் ஒருவரோடு ஒரே தேர்வடத்தைப் பிடிக்க மாட்டேன், ஒரே மண்ணில் புதைக்கப்பட மாட்டேன் என்று ஓர் ஊர் கூடித் தீர்மானித்தால் அது எந்தப் பாதியில் அடங்கும்?

தண்டனைச் சட்டங்களைக் குறுக்கியே பொருள்கொள்ள வேண்டும் என்று அதே தொகுப்பின் 18ஆம் எண் சொல்கிறது. ஆகவே சாதி பார்க்கும் ஒவ்வொரு கத்தோலிக்கரும் தாமாகவே சபைநீக்கம் பெற்றவர் என்று நாம் வாதிடவில்லை. ஒன்றிப்பை மறுப்பது திருத்தந்தையை மறுப்பதற்கு இணையான காயம் என்று திருச்சபையின் சட்டமே கருதுகிறது என்பதைத்தான் சுட்டுகிறோம். அதைச் சாதிச் சச்சரவு என்றும் ஊர்ப் பிரச்சினை என்றும் நிருவாகச் சிக்கல் என்றும் அழைப்பது அந்தக் காயத்தைச் சிறுமைப்படுத்துவதாகும்.

மரபுக்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது. இறைச்சட்டத்துக்கு முரணான எந்த வழக்கமும் சட்ட வலிமை பெற முடியாது என்கிறது 24ஆம் எண். எத்தனை தலைமுறையாக மாமூல் என்று சொல்லிக்கொண்டாலும் தீண்டாமை ஒருநாளும் உரிமையாக முதிராது. நம் ஊர்களில் ‘அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான்’ என்று தொடங்கும் எந்த வாதத்துக்கும் இந்த ஒற்றை எண்ணே விடை.

ஓரியூர் மண்ணும் இரண்டு வகைச் சாமியார்களும்

இந்த மாமூல் எங்கிருந்து வந்தது? இராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டிக் கொல்லப்பட்டார். திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அரசன் சினந்தான். 1947இல் புனிதராக உயர்த்தப்பட்ட அருளானந்தரின் செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்துச் செல்கின்றனர். அரசனுக்குக் கீழ்ப்படிய மறுத்தவரின் நினைவிடம் அது.

ஆனால் அவர் சார்ந்திருந்த மதுரை மறைபரப்புப் பணியின் அமைப்பே சாதியை ஏற்றுக் கட்டப்பட்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி பிராமணத் துறவியரைப் போல் வாழ்ந்தார். பிறகு பிற சாதியினரிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் என்னும் இன்னொரு வகையினர் உருவாயினர். பிரிட்டோ அந்த வகையைச் சேர்ந்தவர். ஒரே இயேசு சபைக்குள் சாதிக்கொரு சாமியார்.

1704 ஜூனில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் என அழைக்கப்பட்ட பல வழக்கங்களை அது தடைசெய்தது. திருமுழுக்கில் உமிழ்நீரைப் பயன்படுத்தாமல் விடுவது, விலக்கான நாட்களில் பெண்களைத் திருவருட்சாதனங்களிலிருந்து தடுப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். நமக்கு முக்கியமான பிரிவு வேறொன்று. பறையர் வீடுகளுக்குள் நுழைய மறுத்துவந்த குருக்கள், அங்கே நோயுற்றுக் கிடப்பவர்களை நேரில் சென்று சந்திக்க வேண்டும் என்று ஆணை கட்டளையிட்டது.

சாவுப் படுக்கையில் கிடக்கும் ஒரு கிறிஸ்தவரின் வீட்டு வாசலைக் குரு தாண்ட வேண்டும் என்ற இந்த எளிய கட்டளை நாற்பது ஆண்டுகள் இழுபறியில் கிடந்தது. திருத்தந்தையருக்குத் தனிக் கீழ்ப்படிதல் வாக்கு கொடுத்த சபையினரே விளக்கம் கேட்டும், விலக்குக் கேட்டும், உயர்சாதியினர் விலகிவிடுவார்கள் என்று அஞ்சியும் காலம் கடத்தினர். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் கட்டளையை உறுதிசெய்தது. பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கலாம் என்ற சமரசத்தையும் அதே மடல் ஏற்றுக்கொண்டது. எழுத்தளவில் கட்டளை நிறைவேறியது. தீண்டாமை குருத்துவத்துக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, சாதியைக் காக்கும் மீறல் நம் மண்ணில் ஒருபோதும் கலகம் போல் தோற்றமளிப்பதில்லை. அது எச்சரிக்கை, நடைமுறை, ஆன்ம நலன் என்னும் பெயர்களைச் சூடிக்கொள்ளும். இரண்டாவது, ரோமாபுரி தெளிவாகக் கட்டளையிட்டபோதும் இடையில் நின்றவர்கள் அதைக் கரைத்துவிட்டார்கள். சிக்கல் எப்போதும் கட்டளை இல்லாமையால் எழுவதில்லை.

இரட்டை ஆட்சியும் சாதிக் கட்சிகளும்

இராமேஸ்வரம் தீவின் மக்களுக்கு எந்தக் கோயில் எந்த ஆயருக்கு உரியது என்னும் கேள்வி புதிதன்று. வேர்க்கோடு பங்கிலிருந்து ஆண்டுதோறும் படகேறும் பக்தர்கள் செல்லும் கச்சத்தீவு அந்தோணியார் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. எல்லைகளோடு வாழப் பழகிய கடற்கரை இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு ஆட்சிகள் நிலவிய காலம் ஒன்று இருந்தது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின் மறவர் நாட்டுக் கோயில்களைக் கோவாவின் வழிவந்த குருக்கள் பேணினர். போர்ச்சுகல் மன்னரின் பதுரவாதோ என்னும் காப்புரிமையின்கீழ் அவர்கள் இயங்கினர். 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பணிக்குத் திரும்பினர். 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர் உள்ளிட்ட போர்ச்சுகீசிய மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பறித்து நேரடியாக ரோமாபுரியால் நியமிக்கப்பட்டவர்களிடம் கொடுத்தார். கோவாக் குருக்கள் பணிய மறுத்தனர். அரசரின் இசைவின்றி வந்த ஆணை செல்லாது என்றனர். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு சாமியார்கள், இரண்டு கட்சிகள். கோயில் சாவி யாருக்கு என்று கம்பெனி அதிகாரிகளிடமும் நீதிமன்றங்களிடமும் வழக்குகள் போயின. 1857, 1886 உடன்படிக்கைகளுக்குப் பின்னும் இழுபட்ட இந்த இரட்டை ஆட்சி 1928 ஒப்பந்தத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

திருச்சபை வரலாற்று நூல்கள் இதைப் போர்ச்சுகலுக்கும் ரோமாபுரிக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாக எழுதுகின்றன. ஊர்களில் இதற்கு வேறொரு பொருள் இருந்தது. தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை தமக்கு மறுக்கப்பட்டால் எதிர்க் குருவிடம் சென்றுவிடுவோம் என்று மிரட்டும் வாய்ப்பு ஆதிக்கக் குழுக்களுக்குக் கிடைத்தது. சூசன் பெய்லியும் டேவிட் மாஸும் தம் ஆய்வுகளில் இதனை விரிவாகக் காட்டியுள்ளனர். குருக்கள் சாதி மரியாதைகளில் கை வைக்கத் தயங்கியதற்கு இந்த மிரட்டலும் ஒரு காரணம்.

டேவிட் மாஸ் 1980களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் சீமையின் ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வுசெய்தார். 2012இல் வெளியான அவருடைய நூல் அவ்வூருக்கு ஆலபுரம் என்று புனைபெயர் இட்டது. புனித சந்தியாகப்பர் திருவிழாவில் சாதி வரிசைப்படி மரியாதை பிரித்துக் கொடுக்கப்பட்டதையும், தலித் கத்தோலிக்கர் மேளம் அடித்தல், சாவுச் செய்தி சொல்லுதல் போன்ற இழிவூழியங்களிலிருந்து படிப்படியாக விலகியதையும், கோயிலில் சம பங்கு கோரியதையும் அவர் பதிவு செய்துள்ளார். தலித் மக்கள் அங்கே மறைக் கோட்பாட்டை எதிர்த்தாரில்லை. தாங்கள் பெற்ற திருமுழுக்கைச் சொற்பொருளோடு எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவே.

வடக்கன்குளம் காட்டிய வழி

ஆயரால் ஒன்றும் செய்ய முடியாது, மக்கள் மனம் மாற வேண்டும் என்ற பதிலை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு எதிரான சான்று தெற்கே வடக்கன்குளத்தில் இருக்கிறது. அங்கே 1870களில் எழுந்த கோயில் இரண்டு கைகளாக விரியும் அமைப்புடையது. வெள்ளாளக் கத்தோலிக்கர் ஒரு கையிலும் நாடார் உள்ளிட்டோர் மறு கையிலும் அமர்ந்தனர். இரு கைகளும் பலிபீடத்தில் மட்டுமே சந்தித்தன. 1910ஆம் ஆண்டையொட்டித் திருச்சி ஆயர் பார்த்தின் காலத்தில் இந்தப் பிரிவினைத் தடுப்பு அகற்றப்பட்டது.

வெள்ளாளர்கள் ஆயருக்குப் பணியவில்லை. மரபு தங்களுடையது, கோயிலில் தனியிடம் தங்கள் உரிமை என்று உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். அது மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வெளியான மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் வழக்கின் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. தீட்டின் பெயரால் கோயிலுக்குள் பிரிவினை கேட்கும் உரிமை ஒன்று இருப்பதாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூல் இந்த வழக்கின் சமூகப் பின்னணியைத் தமிழில் விரித்துரைக்கிறது. மாணவர்கள் தவறாமல் படிக்க வேண்டிய நூல் அது.

அது வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையிலான வழக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தலித் மக்களுக்கு அத்தகைய உறுதியோடு ஓர் ஆயர் நீதிமன்றம்வரை நின்றாரா என்பதே அதிலிருந்து பிறக்கும் கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு எழுதப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, காலனிய நீதிமன்றத்தில், ஆயரின் அதிகாரம் சாதி மாமூலை வென்றது. இன்று அரசமைப்பும் துணையிருக்கும்போது அந்த அதிகாரம் ஏன் உறையிலேயே கிடக்கிறது?

லெஃபெவர் வழியினருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. எங்கள் வழிபாட்டில் தலையிடாதீர்கள் என்று அதிகாரத்தை விலகி நிற்கச் சொல்கிறார்கள் முன்னவர்கள். தலித் மக்கள் அதிகாரத்தை முன்னே வரச் சொல்கிறார்கள். ஆயர் தாம் எழுதிய சட்டத்துக்குத் தாமே கீழ்ப்படிந்து, அதை ஊரில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கேட்பதைக் கலகம் என்று அழைப்பது எந்த நியாயத்திலும் சேராது.

மீறுவோருக்குப் பேச்சுவார்த்தை, கேட்போருக்குப் பொறுமை

எக்கோன் நிகழ்வுக்குப் பின் வத்திக்கான் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். தண்டித்த அதே மடலிலேயே, பழைய பூசையை விரும்புவோரை அரவணைக்க ஒரு தனி ஆணையத்தை இரண்டாம் யோவான் பவுல் அமைத்தார். அது 2019வரை இயங்கியது. 2007இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்குப் பரந்த அனுமதி அளித்தார். 2009இல் நான்கு ஆயர்களின் சபைநீக்கம் அகற்றப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் அச்சபைக் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், திருமணங்களை நடத்தி வைக்கவும் வழிசெய்தார். 2021 ஜூலையில் பழைய பூசைக்கு அவரே மீண்டும் கட்டுப்பாடு விதித்தார். மீறியவர்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையாகப் பேசப்பட்டிருக்கிறது. பேசியது தவறென்று நாம் சொல்லவில்லை. தலித் கத்தோலிக்கருக்கென்று வத்திக்கானில் அத்தகைய ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டதில்லை என்பதை நினைவூட்டுகிறோம்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பிரிவினைகளைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஆனால் களம் வேறாக இருக்கிறது. 2008 மார்ச்சில் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரியபோது எழுந்த வன்முறையும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்களைப் பலிகொண்டன. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சாதிச் சுவரின் ஒரு பகுதியை 2010இல் இடித்தவர்கள் பெரியாரியத் தோழர்கள். கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கோட்டப்பாளையத்தில் திருவிழா வரி, தேர்ப்பவனி, கல்லறை ஆகிய அனைத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாகக் கூறும் தலித் கத்தோலிக்கரின் வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை அனுப்பியது. திருச்சபை நீதிமன்றத்தில் கிடைத்திருக்க வேண்டிய நீதியை அவர்கள் டெல்லியில் தேட நேர்ந்தது.

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களை உள்ளடக்கிய சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. 2010களில் அங்கே ஒரு தலித் குருமாணவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டதில் சாதிப் பாகுபாடு இருப்பதாகக் குற்றம் சாட்டித் தலித் கிறிஸ்தவ விடுதலை இயக்கம் தொடர்ந்து போராடியது. குற்றச்சாட்டின் உண்மை எதுவாயினும், அத்தகைய முறையீட்டை விசாரிக்க வெளிப்படையான, தலித் பிரதிநிதித்துவம் கொண்ட, காலவரையறைக்கு உட்பட்ட அமைப்பு வேண்டும். அழைத்தலைத் தீர்மானிப்பது ஆயரின் தனியுரிமை என்னும் பதில் அந்தத் தேவையை நிறைவு செய்யாது.

அரசின் சட்டம் விரித்த பொறி

அரசின் சட்டமோ தலித் கிறிஸ்தவரை வேறொரு மூலையில் நிறுத்துகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே அளவிலான ஒடுக்குமுறை புதிய மதத்துக்குள் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அடைபட்டிருக்கின்றனர்.

இதன் விளைவு நேரடியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித் கிறிஸ்தவருக்குப் பொருந்துவதில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமோ சற்று வேறுபட்டது. அதன் 3ஆம் பிரிவு வழிபாட்டிடத்தையும், 4ஆம் பிரிவு இடுகாட்டையும் சமய ஊர்வலத்தில் பங்கேற்பதையும் காக்கின்றன. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவே இருக்க வேண்டும் என்று இவ்விரு பிரிவுகளும் சொல்வதில்லை. ஆனால் 12ஆம் பிரிவு தரும் அனுமானம், அதாவது செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்தது என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே கொள்வது, பட்டியல் சாதியினருக்கு மட்டுமே உரியது. தேர் தன் தெருவுக்கு வராததற்குக் காரணம் தீண்டாமைதான் என்பதை ஒரு தலித் கத்தோலிக்கர் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. தெரு குறுகல், வழித்தடம் பழையது என்று எதிர்த்தரப்பு எளிதில் சொல்லிவிடும்.

இங்கேதான் திருச்சபையின் இரட்டை நிலை முற்றாக வெளிப்படுகிறது. பட்டியல் சாதித் தகுதி கேட்டு டெல்லியில் வாதிடும்போது கிறிஸ்தவத்துக்குள்ளும் தீண்டாமை உண்டு என்று ஆயர்கள் சொல்கிறார்கள். அதே தீண்டாமையை ஒரு பங்கின் பெயரைச் சொல்லிக் காட்டினால் திருச்சபையின் ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்கிறார்கள். ஒப்புதல் வாக்குமூலம் அரசுக்கும் அமைதி உபதேசம் மக்களுக்கும் என்றால், அந்த வாக்குமூலம் மெய்யானது என்று எந்த ஆணையம் நம்பும்?

கீழ்ப்படிதலையே கருவியாக்குவோம்

சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 212ஆம் எண், மேய்ப்பர்களுக்குக் கிறிஸ்தவக் கீழ்ப்படிதல் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, தம் தேவைகளை அவர்களிடம் தெரிவிக்கும் உரிமையையும், திருச்சபையின் நலன் குறித்த கருத்தைச் சொல்லும் உரிமையையும் சில வேளைகளில் கடமையையும் அதே மூச்சில் வழங்குகிறது. 208ஆம் எண் விசுவாசிகள் அனைவரும் மாண்பில் சமம் என்கிறது. தம் உரிமைகளைத் திருச்சபை மன்றத்தில் நிலைநாட்டும் உரிமையை 221ஆம் எண் தருகிறது.

இவற்றைப் பயன்படுத்தும் முறை எளியது. பங்குப் பேரவையிடம் வாய்மொழியாகக் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, ஆயருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாளில், எந்தத் திருவிழாவில், எந்தத் தெரு விடப்பட்டது, யாருடைய வரி வாங்க மறுக்கப்பட்டது என்று தேதியோடு எழுத வேண்டும். ஒப்புகை பெற வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதில் வராவிடில் அது மறுப்பாகவே கொள்ளப்படும் என்கிறது 57ஆம் எண். மறுப்பாணை எழுத்தில் வந்தால் பத்து நாளுக்குள் அதனை மாற்றக் கோர வேண்டும் (எண் 1734). அதன் பின்னும் தீர்வில்லையேல் பதினைந்து நாளுக்குள் மேலதிகார அமைப்புக்கு, அதாவது வத்திக்கானுக்கு, முறையிடலாம் (எண் 1737). இந்த நாட்கணக்கு இறுக்கமானது. நாள் தவறியதாலேயே ஒரு நியாயமான முறையீடு தள்ளப்படலாம் என்பதால், தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரும் திருச்சபைச் சட்டம் கற்ற ஒரு குருவும் உடனிருப்பது நல்லது.

இப்படிச் சேரும் தாள்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்று இவைதாம். ஆயர் இல்லத்தின் முத்திரை பெற்ற ஒவ்வோர் ஒப்புகையும், பதிலற்றுப் போன ஒவ்வொரு மூன்று மாதமும், மதம் மாறியும் மாறாத ஒடுக்குமுறையின் ஆவணம். குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் தீண்டாமையை மெய்ப்பிக்க வேண்டிய சுமையைத் தாங்கவும் அவையே துணைநிற்கும். கல்லூரி மாணவர்கள் தம் ஊர்ப் பங்குகளில் இந்தப் பதிவைத் தொடங்கலாம். பெரிய அமைப்பு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் ஒழுங்கும் போதும்.

ஆயர்களிடம் நம் கோரிக்கைகள் மூன்று. சாதி அடிப்படையில் தேர், கல்லறை, வரி ஆகியவற்றில் பாகுபாடு காட்டும் பங்குகளில், பாகுபாடு நீங்கும்வரை ஆடம்பரத் திருவிழாவுக்கு அனுமதி அளிக்கக் கூடாது. 2016 கொள்கை ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். குருமட நீக்கங்களை மறுஆய்வு செய்யத் தலித் பொதுநிலையினரும் இடம்பெறும் குழு வேண்டும். இவை எதற்கும் ரோமாபுரியின் புதிய ஆணை தேவையில்லை. 24ஆம் எண்ணும் 208ஆம் எண்ணும் போதும்.

எதிர்ப்பு வரும். ஆதிக்க சாதியினர் கோயிலைப் புறக்கணிக்கலாம், வேறு சபைக்குப் போய்விடுவோம் என மிரட்டலாம். 19ஆம் நூற்றாண்டில் மறவர் நாட்டில் அதைத்தான் செய்தார்கள். அன்று குருக்கள் அஞ்சினர். லெஃபெவர் விலகியபோது ரோமாபுரி அஞ்சவில்லை. சட்டத்தைச் சொன்னது, பின்னர் வாசலையும் திறந்து வைத்தது. அதே துணிவு சிவகங்கையிலும் கும்பகோணத்திலும் புதுச்சேரியிலும் காட்டப்பட வேண்டும் என்பதற்கு மேல் தலித் கத்தோலிக்கர் எதையும் கேட்கவில்லை. 1704இல் பிறந்த கட்டளை, குரு பறையர் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும் என்றது. 320 ஆண்டுகள் கடந்துவிட்டன. தேர் இன்னும் தெருமுனையிலேயே திரும்பிக்கொள்கிறது.